ஜியார்டியா போன பிறகும் வயிறு அடங்கவில்லையே, ஏன்?

கேள்வி: என் வயது 34. ஏழு மாதங்களுக்கு முன் விடாத வயிற்றுப்போக்கு வந்தது. மலப் பரிசோதனையில் ஜியார்டியா என்றார்கள். மெட்ரோனிடசோல் சாப்பிட்டேன். அடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை. ஆனாலும் சாப்பிட்டு எழுந்ததும் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. உப்புசம், அடிவயிற்றில் பிடித்து இழுக்கும் வலி. பால், காபி குடித்தால் கூடுகிறது. கிருமி உள்ளேயே ஒளிந்திருக்கிறதா? அதே மாத்திரையை இன்னொரு முறை போடலாமா? - வாசகர், திருப்பூர்

பதில்: இப்போதைக்குப் போட வேண்டாம். முதலில் கிருமி இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஜியார்டியா தினமும் மலத்தில் வெளியேறுவதில்லை. விட்டு விட்டுத்தான் வரும். எனவே ஒரு மாதிரியை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று மாதிரிகள் கொடுங்கள், அல்லது மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனை செய்யுங்கள். மறுபடி தெரிந்தால் வீட்டிலுள்ள மற்றவர்களையும் குடிதண்ணீரையும் சந்தேகிக்க வேண்டும். வழக்கமான குளோரின் அளவுக்கு இந்தக் கிருமி அசையாது. தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் செத்துவிடும்.

கிருமி இல்லையென்றால், உங்களுக்கு இருப்பது அது விட்டுச்சென்ற பாதிப்பு. இதைக் குடல் எரிச்சல் நோய் (IBS) என்பார்கள். ஜியார்டியா குடல் சுவரைத் துளைப்பதில்லை. உறிஞ்சு வட்டு போன்ற அடிப்பகுதியால் சிறுகுடலின் உட்படலத்தில் ஒட்டிக்கொள்ளும். அங்கே உணவை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் குட்டையாகின்றன, செல்களுக்கு இடையிலான இறுக்கமான பிணைப்பு தளர்கிறது, பாலின் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைகிறது. செரிக்காத பால் சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகிறது. தென்னிந்தியர்களில் பலருக்கு இந்த நொதி ஏற்கெனவே குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உட்படலச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிவிடும். அதனால் படலம் பெரும்பாலும் சீக்கிரம் தேறிவிடுகிறது. நரம்புகள்தான் தாமதம். தொற்றின்போது அங்கே கூடிய மாஸ்ட் செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்கள் நரம்பு முனைகளுக்கு அருகிலேயே தங்கி, ஹிஸ்டமின் போன்ற பொருட்களைக் கசியவிடுகின்றன. குடலை அசைக்கும் செரோட்டோனின் சுரப்பும் மாறிவிடுகிறது. இதனால் நரம்புகளின் வலி வரம்பு தாழ்ந்துபோகிறது. சாதாரண வாயுவே வலியாகத் தெரிகிறது. உணவு இரைப்பையில் இறங்கியதும் பெருங்குடல் அசைவது எல்லோருக்கும் உண்டு. உங்களுக்கு அது அளவு மீறி நடக்கிறது. இங்கே நரம்பு செல்களே அழிந்துபோவதில்லை, அந்தப் பயம் வேண்டாம்.

நார்வேயின் பெர்கன் நகரில் 2004இல் குடிநீர் வழியே ஜியார்டியா பரவியது. தொற்றுக்கு ஆளானவர்களில் மூன்றாண்டுக்குப் பிறகும் சுமார் 46 சதவீதத்தினருக்கு இதே குடல் எரிச்சல் நோய் இருந்தது. தொற்று வராதவர்களில் 14 சதவீதம்தான். நீங்கள் கற்பனை செய்யவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மெட்ரோனிடசோலைத் திரும்பத் திரும்ப எடுத்தால் குடலின் நல்ல பாக்டீரியாக்கள் கலைந்துபோகும். நீண்ட நாள் தொடர்ந்தால் கால்களில் மரத்துப்போதல் வரலாம். கிருமி இல்லாத வயிற்றுக்கு இது வீண் விலை.

நான்கு வாரம் பால், பால் காபி, பால்கோவா, ஐஸ்கிரீம் நிறுத்துங்கள். தயிர், மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பிறகு 50 மில்லி பாலில் தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை கூட்டிப் பாருங்கள். எந்த அளவில் உப்புகிறதோ அதற்குக் கீழே நின்றுகொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு, கோதுமை, ராஜ்மாவையும் இரண்டு மூன்று வாரம் குறைத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் எது குற்றவாளி என்று தெரியாது, உடம்பும் இளைக்கும். இரவில் அரை டீஸ்பூன் இசப்கோல், ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன். ஒரு வாரம் கழித்து ஒரு டீஸ்பூன்.

இதற்கும் அடங்காவிட்டால் குடல் பிடிப்பைத் தளர்த்தும் மெபெவெரின், அல்லது இரவில் 10 மி.கி. அமிட்ரிப்டிலின் தரப்படும். சீட்டில் மனச்சோர்வு மருந்து என்று பார்த்துத் திகைக்காதீர்கள். இந்தக் குறைந்த அளவு குடல் நரம்புகளை அமைதிப்படுத்தவே. இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்த நோயான கிளாக்கோமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மலத்தில் ரத்தம், எடைக் குறைவு, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள். கோதுமைப் புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும், குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் மலத்தில் எவ்வளவு என்ற பரிசோதனையும் அப்போது தேவைப்படும். சீலியாக் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தியிருக்கக் கூடாது, முடிவு தவறாக வரும்.