வாசகர் கேள்வி பதில்: பைலட் கையெழுத்து போட்ட விமானப் படங்கள்

கேள்வி: இங்க ஒரு ஏலத்துல ஸ்பிட்ஃபயர்ங்கிற பழைய பிரிட்டிஷ் போர் விமானத்தோட அச்சுப் படம் ஒண்ணு எடுத்தேன். கீழ வெள்ளை ஓரத்துல பென்சில்ல 412/1000னு நம்பர் (ஆயிரம் காப்பியில 412வது), ஓவியர் கையெழுத்து, பக்கத்துல ரெண்டாம் உலகப் போர்ல பறந்த பைலட் ஜானி ஜான்சன் கையெழுத்து. அவரே போட்டதா, படத்தோட சேர்த்து அச்சடிச்சதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?
- வாசகர், ஈஸ்ட்ஹாம், லண்டன்

பதில்: மொதல்ல ஃப்ரேமைக் கழட்டிடுங்க, கண்ணாடி மேல இருந்து பார்த்தா ஒண்ணும் பிடிபடாது. நகைக்கடையில வைரம் பார்க்கக் கண்ணுல வச்சுக்குவாங்களே ஒரு பத்து மடங்கு லென்ஸ், அதை வாங்கிட்டு வந்து படத்துல இருக்கிற வானத்து மேல வச்சுப் பாருங்க, நீலம் சிவப்பு மஞ்சள் கறுப்புன்னு குட்டிக் குட்டிப் புள்ளியா கோலம் போட்ட மாதிரி தெரியும், அதுதான் ஆஃப்செட் அச்சு. அப்படியே லென்ஸைக் கையெழுத்துக்கு நகர்த்துங்க. அங்கயும் அதே கலர் புள்ளி இருந்தா அச்சடிச்ச கையெழுத்துதான். புள்ளி இல்லேன்னா மட்டும் போதாது, கெட்டிக் கறுப்பு மையில தனியா அடிச்சாலும் புள்ளி வராது, அதனால ஜன்னல் ஓரமாப் போய் பேப்பரைச் சாய்ச்சுப் பாருங்க. பென்சில் கோடுன்னா வெளிச்சத்துல சாம்பல் நிறத்துல மினுக்கும், கோடு ஒரே சீரா இருக்காது, பேப்பரோட மேடு பள்ளத்துல விட்டு விட்டுப் பதிஞ்சிருக்கும், அழுத்தின இடத்துல லேசா குழி விழுந்திருக்கும். என்கிட்ட இருக்கிற ஒரு லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானப் படத்துல, அதுல வழி பார்த்துச் சொல்ற நேவிகேட்டரா இருந்த ஒரு பெரியவர் கையெழுத்து இருக்கு, கடைசி எழுத்துல கை நடுங்கி கோடு ரெண்டு தடவை வளைஞ்சிருக்கும், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் படத்தை விட அந்த வளைவுலதான் கண்ணு நிக்கும்.

இது பென்சில்னு சொல்லும், யாரோட பென்சில்னு சொல்லாது. அதுக்குப் படத்தோட வெளியீட்டாளர் கொடுக்கிற சர்டிஃபிகேட் வேணும். யார் யார் கையெழுத்துப் போட்டாங்க, மொத்தம் எத்தனை காப்பின்னு அதுல இருக்கும், உங்க 412 அதுலயும் இருக்கான்னு ஒத்துப் பாருங்க. ஜான்சன் 34 எதிரி விமானங்களை வீழ்த்தினவர், 2001ல காலமாயிட்டார், அதுக்கப்புறம் வெளியான படம்னு தெரிஞ்சா விக்கிறவர்கிட்ட கேள்வி கேட்டே ஆகணும். சில வெளியீட்டாளர்கள் முன்னாடியே வாங்கி வச்ச கையெழுத்துத் துண்டைப் படத்துக்குக் கீழ மவுண்ட்ல, அதாவது படத்தைச் சுத்தி வைக்கிற அட்டையில, பதிச்சுத் தருவாங்க, அது தப்பில்ல, ஆனா அது வேற இது வேறன்னு தெரிஞ்சு காசு கொடுக்கணும்.

கேள்வி: எதுக்கு இவ்வளவு காசு போட்டு அச்சடிச்ச படத்தை வாங்குறாங்க? நம்பர் சின்னதா இருந்தா மதிப்பு ஜாஸ்தியா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: செப்புத் தகட்டுல அச்சடிச்ச காலத்துல தகடு தேயும், அதனால முதல் காப்பிகள் துல்லியமா இருக்கும். ஆஃப்செட்ல 3க்கும் 903க்கும் வித்தியாசமே கிடையாது. ஓரத்துல ஓவியர் தன் கையாலயே சின்னதா ஒரு பென்சில் படம் வரைஞ்சிருந்தா, ரிமார்க்னு சொல்லுவாங்க, அதுக்குத்தான் கூடக் கொடுக்கலாம், ஏன்னா அது ஒண்ணே ஒண்ணுதான்.

எதுக்கு வாங்குறாங்கன்னா, ராபர்ட் டெய்லர்னு ஒரு பிரிட்டிஷ் ஓவியர், அவரோட பிரிண்ட் ஒண்ணுல டக்ளஸ் பேடரும் அடால்ஃப் காலண்டும் ஒரே தாள்ல கையெழுத்துப் போட்டிருக்காங்க. பேடர் 1931 விபத்துல ரெண்டு காலையும் இழந்து செயற்கைக் காலோட ஸ்பிட்ஃபயர் ஓட்டினவர், 1941 ஆகஸ்ட்ல பிரான்ஸ்ல ஜெர்மன்காரங்ககிட்ட மாட்டினார், அந்தப் பக்கத்துத் தளபதி காலண்ட் அவரைக் கூப்பிட்டு விருந்து வச்சு தங்களோட மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானத்து காக்பிட்ல உக்கார வச்சார். போர் முடிஞ்சு ரெண்டு பேரும் நண்பர்களாயிட்டாங்க. பேடர் 1982ல போனார், காலண்ட் 1996ல. 1940ல ஜெர்மன் விமானப்படையை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போர்ல பிரிட்டன் பக்கம் பறந்தவங்கள்ல கடைசியா இருந்த ஜான் ஹெமிங்வேயும் 2025 மார்ச்ல 105 வயசுல காலமாயிட்டார். இனிமே அந்தக் கையெழுத்து புதுசா வராது. ஆனா அதனாலயே விலை ஏறிக்கிட்டே போகும்னு நம்பி வாங்காதீங்க மேடம், தினம் சுவத்துல பார்க்கப் பிடிச்சா மட்டும் வாங்குங்க.

கேள்வி: ஏர்ஃபோர்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். இங்கிலாந்துல இருக்கிற மகன் ஒரு பிரிண்ட்டைக் குழாய்ல போட்டு அனுப்பினான். ஃப்ரேம் கடையில லாமினேட் பண்ணிடலாம்னு சொல்றாங்க, பண்ணலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: ஐயோ, வேண்டவே வேண்டாம் சார். லாமினேட் பண்ணா திரும்பப் பிரிக்க முடியாது, கையெழுத்தும் பிளாஸ்டிக்குக்கு அடியில போயிடும். எனக்கு ஒரு தடவை நடந்தது, ஒரு கடையில கொடுத்துட்டு வந்தேன், ஃப்ரேம்ல அடங்கலைன்னு கீழ் ஓரத்தை நம்பரோட சேர்த்து வெட்டிட்டாங்க, இன்னிக்கும் மனசு ஆறல. அதனால வெள்ளை ஓரத்துல ஒரு நூல் கூட வெட்டக் கூடாதுன்னு எழுதியே கொடுத்துடுங்க. ஆசிட் ஃப்ரீ மவுண்ட் போர்டு கேளுங்க, கண்ணாடி படத்துல ஒட்டாம இடைவெளி விடச் சொல்லுங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு ஒட்டிக்கும். பின்னாடி செல்லோ டேப் வேண்டாம், பழுப்பாகி முன்பக்கம் வரைக்கும் கறை இறங்கும். வெயில் விழுற சுவரும் மழைக்கு ஓதம் காக்கிற சுவரும் ஆகாது. வருஷத்துக்கு ஒரு தடவை பின்பக்கம் திருப்பி ராமபாணப் பூச்சி இருக்கான்னு பாருங்க. குழாய்ல இருந்து எடுத்ததும் எதிர்ப்பக்கமா சுருட்டிடாதீங்க, சுத்தமான தாளுக்கு நடுவுல வச்சு மேல கனமில்லாத பலகை வச்சா ரெண்டு மூணு நாள்ல தானாப் படியும்.

கேள்வி: நம்ம மெட்ராஸ் பேர்ல பிரிட்டிஷ் விமானப்படையில ஒரு ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு, இருந்துச்சாமே?
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: ஒண்ணு இல்ல, ரெண்டு. 79, 264 ரெண்டு ஸ்குவாட்ரனுக்கும் மெட்ராஸ் பிரசிடென்சின்னு பேர் இருந்தது. இதுல 264 அப்ப ஓட்டினது டிஃபையன்ட்னு ஒரு போர் விமானம், பைலட்டுக்குப் பின்னாடி நாலு துப்பாக்கி வச்ச சுழல் மேடை, முன்பக்கம் சுட ஒரு துப்பாக்கி கூடக் கிடையாது. 1940 ஆகஸ்ட் கடைசியில லண்டன் பக்கத்து ஹார்ன்சர்ச் விமானத் தளத்துல இருந்து பகல்ல பறந்து ரொம்ப அடி வாங்கி, அப்புறம் ராத்திரிச் சண்டைக்கு மாறினாங்க. டிஃபையன்ட் படம் கையில கிடைச்சா பைலட் கையெழுத்தோட நிறுத்தாம கன்னர் கையெழுத்து இருக்கான்னும் தேடுங்க, அந்த விமானத்துல சுட்டதெல்லாம் அவர்தான்.