மூடிய ஜாடி, மூடிய கூண்டு: குளிர்காலப் பண்ணைக் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குளிர்காலப் பண்ணை வேலைகளைப் பற்றியவை. வைன் போட்டவர்களும் கோழி வளர்ப்பவர்களும் விறகடுப்பை நம்பி இருப்பவர்களும் தனித்தனியே எழுதியிருந்தாலும், பலருக்கு நேர்ந்த சிக்கல் ஒன்றேதான். குளிருக்கு அஞ்சி, திறந்திருக்க வேண்டியதையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். அதனால் அந்தக் கடிதங்களை ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: இலையுதிர்காலத்தில் 20 லிட்டர் திராட்சைச் சாறு பிழிந்து, ஈஸ்ட் சேர்த்து, கண்ணாடி ஜாடியில் வைன் போட்டேன். தொடக்கத்தில் ஹைட்ரோமீட்டர் (சாற்றின் அடர்த்தியை அளந்து, அதில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று காட்டும் கருவி) 1.090 காட்டியது. நன்றாகப் பொங்கிக்கொண்டிருந்தது, குளிர் இறங்கியதும் குமிழ் நின்றுவிட்டது. இப்போது 1.020 காட்டுகிறது. ஜாடி இருக்கும் அறையில் 9 டிகிரி செல்சியஸ்தான். காற்று புகக் கூடாது என்று நீர்ப்பூட்டை, அதாவது ஜாடியின் வாயில் பொருத்தும் நீர் நிரம்பிய வளைகுழாயை, கழற்றிவிட்டுத் தக்கையை இறுக அடைத்து மெழுகும் வைத்துவிட்டேன். சுவை இனிப்பாக, நன்றாகவே இருக்கிறது. புட்டிகளில் நிரப்பிவிடலாமா?

பதில்: முதலில் எழுந்து போய் அந்தத் தக்கையைத் தளர்த்திவிட்டு வாருங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

உங்கள் வைன் முடியவில்லை, தூங்குகிறது. ஈஸ்ட் ஓர் உயிர். சர்க்கரையைத் தின்று, எடையளவில் ஏறக்குறையச் சரிபாதியாக ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் அதை மாற்றுகிறது. வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் பெரும்பாலான ஈஸ்ட் வகைகள் வேலையை நிறுத்திவிட்டு அடிமண்டியில் போய்ப் படிந்துவிடும், ஆனால் சாவதில்லை. 1.090இலிருந்து 1.020க்கு இறங்கியிருப்பதால் சுமார் 9 சதவீத ஆல்கஹால் உருவாகியிருக்கிறது, லிட்டருக்குக் குறைந்தது 50 கிராம் சர்க்கரை இன்னும் மீதமிருக்கிறது. ஷாம்பெயின் புட்டிக்குள் அந்த நுரையை உண்டாக்க லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரைதான் சேர்க்கிறார்கள். அதுவே காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 6 மடங்கு அழுத்தத்தைத் தருகிறது, அதைத் தாங்குவதற்கென்றே அந்தப் புட்டியைக் கனமாக வார்க்கிறார்கள். உங்கள் சாதாரணப் புட்டிகளில் அதைப் போல இரு மடங்கு சர்க்கரையோடு அடைத்து வைத்தால், வசந்தத்தில் அறை சூடாகி ஈஸ்ட் விழிக்கும் நாளில் புட்டிகள் வெடிக்கும். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அலமாரியில் ஒன்று வெடித்தால் அதன் சில்லு பட்டுப் பக்கத்துப் புட்டியும் உடையும், அந்த நேரத்தில் அங்கே ஒரு குழந்தை நின்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இது. நீர்ப்பூட்டை மறுபடி பொருத்துங்கள். ஜாடியை 18 முதல் 20 டிகிரி வரை இருக்கும் உட்பக்க அறைக்கு மாற்றி, கனமான போர்வையால் சுற்றி, தரையின் குளிர் ஏறாதபடி பலகை மீது வையுங்கள். அடுப்பை ஒட்டி வைக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சூடானால் கண்ணாடி விரியும், 30 டிகிரிக்கு மேல் போனால் களைத்த ஈஸ்ட் மேலும் களைக்கும். மறுநாள், கொதிநீரில் அலசி ஆறவைத்த நீண்ட கரண்டியால், நுரை எழாமல், அடிமண்டியை மெதுவாகக் கிளறிவிடுங்கள். ஒரு வாரம் பொறுத்தும் அளவு இறங்காவிட்டால், புது ஈஸ்ட்டை 35 முதல் 40 டிகிரி வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, அதில் உங்கள் வைனைச் சிறிது சிறிதாக, சில மணி நேர இடைவெளி விட்டுச் சேர்த்து வாருங்கள். அந்தக் கலவை தெளிவாகப் பொங்கிய பிறகே ஜாடியில் ஊற்ற வேண்டும். ஆல்கஹால் ஏறிய வைனில் உலர்ந்த ஈஸ்ட்டை நேராகத் தூவினால் அதில் பெரும்பகுதி செத்துவிடும்.

அளவு 1.000க்குக் கீழே இறங்கி, இரண்டு வார இடைவெளியில் எடுத்த இரு அளவுகளும் ஒன்றாக இருந்தால் மட்டுமே நொதித்தல் முடிந்தது எனலாம். குமிழ் நின்றதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பிறகு குழாய் வைத்து, அடிமண்டி கலங்காமல் வேறு ஜாடிக்கு இறுத்து, கழுத்து வரை நிரப்பி வையுங்கள். நொதிக்கும்போது வாயுவே வைனுக்குக் கவசமாக இருந்தது. நொதித்து முடிந்த பிறகு மேலே காலியிடம் விட்டால் காற்றோடு அசெட்டோபாக்டர் என்னும் நுண்ணுயிர் சேர்ந்து உங்கள் உழைப்பை வினிகராக்கிவிடும். வைன் கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்பதை லூயி பாஸ்டர் 1860களில் காட்டினார். ஆகவே காற்று உள்ளே போகக் கூடாது என்ற உங்கள் கவலை சரியானதுதான். ஆனால் வாயு வெளியேறவும் வேண்டும், அந்த இரண்டையும் ஒருசேரச் செய்வதற்குத்தான் நீர்ப்பூட்டு இருக்கிறது. குளிர்காலத்தில் அதைத் தினமும் பாருங்கள். இரவில் அறை குளிரும்போது ஜாடிக்குள் இருப்பது சுருங்கி, பூட்டின் நீரை உள்ளே உறிஞ்சிவிடும். கடுங்குளிரில் அந்த நீர் உறைந்தால் வழியே அடைபடும். நீருக்குப் பதிலாகச் சிறிது வோட்கா ஊற்றி வைத்தால் உறையாது.

வீட்டில் வைன் செய்வதற்கான விதி நாட்டுக்கு நாடு மாறும், அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். வைனைக் காய்ச்சி வடிக்கும் முயற்சியில் மட்டும் இறங்கவே வேண்டாம்.

கேள்வி: உறைகுளிரில் வைத்திருந்த வைன் புட்டியின் அடியில் கண்ணாடித் துகள் போலப் பளபளப்பாக ஏதோ படிந்திருக்கிறது. கொட்டிவிட வேண்டுமா?

பதில்: கொட்ட வேண்டாம். புட்டியின் வாய் உடைந்திருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, இரண்டு துகளை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். கீறாமல் நொறுநொறுவென்று பொடிந்து, நாவில் வைத்தால் புளித்தால், அது டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு. திராட்சையில் இயல்பாக இருப்பதுதான், குளிரில் கரைதிறன் குறைவதால் படிகமாகிறது, தீங்கில்லை. குளிர் உங்களுக்குச் செய்த உதவி என்றே கொள்ளுங்கள். ஜாடியில் இருக்கும்போதே உறைநிலைக்கு அருகில் இரண்டு மூன்று வாரம் வைத்துப் பிறகு இறுத்தால், புட்டியில் இது பெரும்பாலும் வராது. 12 சதவீத வைன் சுமார் மைனஸ் 5 டிகிரியில் உறையத் தொடங்கும், அதற்குக் கீழே விடாதீர்கள்.

கேள்வி: கோழிக்கூண்டைச் சுற்றிலும் பிளாஸ்டிக் தாள் ஒட்டி இடுக்குகளைக் கூட அடைத்துவிட்டோம். ஆனாலும் சேவலின் கொண்டை நுனி கறுத்துப்போயிருக்கிறது. இன்னும் என்ன செய்வது?

பதில்: அடைத்ததில் ஒரு பகுதியைப் பிரிக்க வேண்டும். கொண்டை கறுப்பதற்குக் குளிரைவிட ஈரமே பெரிய காரணம். கோழிகளின் மூச்சும் எச்சமும் இரவு முழுவதும் ஈரத்தை வெளிவிடுகின்றன, போக வழியில்லாத அந்த ஈரம் கொண்டையில் படிந்து உறைகிறது. விடியற்காலையில் கதவைத் திறந்ததும் உட்சுவரில் பனி படிந்திருந்தாலோ கண் எரிந்தாலோ காற்றுப்போக்கு போதவில்லை என்று பொருள். கோழிகள் உட்காரும் உயரத்துக்கு மேலே, கூரையை ஒட்டி இருபுறமும் திறப்பு விடுங்கள். கீழ்மட்டத்தில் காற்று நேராக வீசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உட்காரும் கட்டை தட்டையாகவும் அகலமாகவும் இருந்தால் வயிற்று இறகு விரல்களை மூடிக் காக்கும். கறுத்த நுனியைத் தேய்க்கவோ வெட்டவோ கூடாது. சூட்டுக்காக விளக்கைத் தொங்கவிடுவதையும் தவிர்த்துவிடுங்கள், வைக்கோல் மேல் அது விழுந்தால் கூண்டே எரியும்.

கேள்வி: பகல் குறுகிவிட்டது. இரண்டு பசு, விறகடுப்பு, நான் ஒருத்தி. காலையில் எதை முதலில் செய்வது?

பதில்: தண்ணீரை. தீவனம் ஒரு மணி நேரம் தாமதித்தால் பசு பொறுத்துக்கொள்ளும். தண்ணீர் குறைந்தால் தின்பதே குறைந்துவிடும், ஏனெனில் குளிர்காலத்தில் அது தின்பது முழுக்க உலர்புல். பால் வற்றிய பசுவுக்கே நாளுக்கு 30 லிட்டருக்கு மேல் தேவைப்படலாம், கறவைப்பசுவுக்கு அதைவிட மிக அதிகம். தொட்டியில் பனிக்கட்டியை உடைத்தால் மட்டும் போதாது, மிதக்கும் துண்டுகளை அள்ளி வெளியே எறியுங்கள். இல்லாவிட்டால் அரை மணியில் ஒட்டிக்கொள்ளும். உலர்புல்லின் பெரிய பங்கை மாலையில் போடுங்கள். பசுவின் முதல் வயிற்றில் நார் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கிறது, அந்த வெப்பம் நடு இரவுக்கு வேண்டும். உங்கள் வைன் ஜாடியில் நடப்பதும் பசுவின் வயிற்றில் நடப்பதும் உறவுமுறை உள்ள வேலைகள்தான்.

அடுத்து அடுப்பு. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே உள்ள விறகையே எரியுங்கள். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்த விறகு கணீரென்று ஒலிக்கும், ஈரவிறகு மொத்தென்று ஒலிக்கும். ஈரவிறகின் புகை புகைபோக்கியில் தாராகப் படிந்து, ஒருநாள் அங்கேயே தீப்பிடிக்கும். இரவில் சூடு தங்கட்டும் என்று கங்கு இருக்கும்போதே புகைபோக்கியின் தடுப்பை முழுவதும் மூடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவர் விழிப்பதில்லை. படுக்கையறைக்கு அருகில் அதைக் கண்டறியும் அலாரம் ஒன்று மாட்டிவிடுங்கள்.

சாம்பலைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு குளிர்காலத்தில் அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளி, திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டு மறந்துபோனேன். மூன்றாம் நாள் தோட்டத்தில் கொட்ட எடுத்தபோது மேலே சாம்பல் நிறத்தில் ஆறிக் கிடந்தது, கை வைத்தால் குளிர்ச்சி. குச்சியால் கிளறியதும் உள்ளே பாக்களவு கங்கு ஒன்று சிவந்து கண் விழித்தது. வாளியின் அடி பதிந்திருந்த பலகையில் வட்டமாகப் பழுப்பேறியிருந்தது. அன்றிலிருந்து மூடியுள்ள இரும்பு வாளியில்தான் சாம்பல் அள்ளுகிறேன், சுவரிலிருந்து விலகிக் கல் மீதுதான் வைக்கிறேன்.

கேள்வி: நிலவறையில் உருளைக்கிழங்கு, ஆப்பிள், நொதிக்கும் வைன் மூன்றையும் வைத்திருக்கிறேன். கிழங்கு முளைக்கிறது, கீழே போனால் எனக்குத் தலை கனக்கிறது. என்ன காரணம்?

பதில்: முளைப்பதற்கு ஆப்பிள் காரணமாக இருக்கலாம். பழுக்கும் ஆப்பிள் எத்திலீன் வாயுவை விடுகிறது, அது கிழங்கின் உறக்கத்தைக் கலைக்கக்கூடியது. இரண்டையும் பிரித்து வையுங்கள். தலைக்கனம்தான் எனக்குக் கவலை அளிக்கிறது. ஒரு லிட்டர் திராட்சைச் சாறு முழுவதும் நொதித்து முடியும்போது சுமார் 50 லிட்டர் கரியமில வாயு வெளியாகும். 20 லிட்டர் ஜாடி என்றால் 1,000 லிட்டர். அது காற்றைவிடக் கனமானது, சாளரமில்லாத நிலவறையில் தரையோடு தேங்கும், குனிந்து வேலை செய்பவர் அதையே மூச்சாக இழுப்பார். மெழுகுவத்தி எரிகிறதே என்று நம்பி இறங்காதீர்கள், சுடர் அணையும் அளவை எட்டும் முன்பே மனிதருக்கு ஆபத்து தொடங்கிவிடுகிறது. கதவையும் காற்றுத்துளையையும் நெடுநேரம் திறந்துவைத்து, மேலே இன்னொருவரை நிறுத்திவிட்டு இறங்கி ஜாடியை வெளியே கொண்டுவாருங்கள். நொதித்து முடிந்த வைனைத் திரும்ப அங்கே வைக்கலாம்.

கேள்வி: பிழிந்த திராட்சைச் சக்கையை நாய்க்குப் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சக்கையை நாய் தோண்டாதபடி மூடிய உரக்குழியில் போடுங்கள்.

கேள்வி: திராட்சைக் கொடியைக் குளிர்காலத்தில் எப்போது, எவ்வளவு கவாத்து செய்வது?

பதில்: கொடி உறங்கும் காலத்தில், கடுங்குளிர் தணிந்து மொட்டு வீங்குவதற்கு முன்பு. சீக்கிரம் வெட்டினால் கொடி முன்னதாகவே விழித்து, பின்பனியில் துளிர் கருகலாம். கொடி உறைந்து விறைத்திருக்கும் காலையில் கத்தரி வைக்காதீர்கள், பிளந்துவிடும்.

எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். சென்ற ஆண்டு வளர்ந்ததில் பத்தில் எட்டு ஒன்பது பங்கை எடுத்துவிட வேண்டும். கனி வருவது, சென்ற ஆண்டு வளர்ந்து இப்போது பழுப்பேறியிருக்கும் கிளையின் மொட்டிலிருந்து எழும் புதுத்துளிரில். அதில் பென்சில் பருமனுள்ள நல்ல கிளைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கணுக்களை விட்டுவிட்டு, மேலே விரலளவு தள்ளிச் சாய்வாக வெட்டுங்கள். முதல் ஆண்டு எனக்கு மனம் வரவில்லை, பாதியை விட்டுவைத்தேன். குலைகள் நிறைய வந்தன, ஆனால் ஒன்றும் இனிக்கவில்லை, அந்த ஆண்டு வைன் தண்ணீராக இருந்தது. வசந்தம் நெருங்கும்போது வெட்டுவாயிலிருந்து துளித்துளியாக நீர் சொட்டும். மெழுகோ வண்ணமோ பூசி அதை அடைக்க வேண்டாம். வேர் விழித்துவிட்டதால் வரும் நீர் அது, தானே நிற்கும்.