யாழ்ப்பாணத்தில் வீடு வாங்கும்போது அச்சாரத்துக்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் உறுதியின் (காணியின் உரிமைப் பத்திரம்) நகலை வாங்கி நொத்தாரிசிடம் (உறுதி எழுதும் சட்டத்தரணி) கொடுத்து, காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவுகளைத் தேடச் சொல்லுங்கள். ஈடு (அடமானம்), வழக்கு, பெற்றோரின் சீவிய உரித்து (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை) எல்லாம் அங்கேதான் தெரியவரும்.

இங்கே அதிகம் சிக்குவது பிரிபடாத பங்கு, அதாவது பலருக்குப் பொதுவான, இன்னும் பிரிக்காத காணியில் ஒருவரின் பங்கு. விற்பவர் "ஆறு பரப்பும் என்ரதுதான்" என்பார். உறுதியிலோ மூன்றில் ஒரு பங்கு என்றிருக்கும். தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட காணியானால் பங்காளிகளுக்கு முற்கொள்வனவு உரிமை (மற்றவர்களுக்கு முன் தாங்கள் வாங்கும் உரிமை) உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் வாங்கினால் பிறகு வழக்கு வரலாம். ஒருவர் கனடாவிலும் மற்றவர் பிரான்சிலும் இருந்தாலும் அவர்களை விட்டுவிட முடியாது. அற்றோணித் தத்துவத்தை (உரிமையாளர் தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வைத்து யாராவது விற்கிறார் என்றால், அது இன்னும் செல்லுமா, விற்கும் அதிகாரம் அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் விற்றால் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் தேவை.

அடுத்தது அளவு. பழைய உறுதியின் பரப்பை நம்பாமல் நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளவுங்கள் (ஒரு பரப்பு 10 பேர்ச்). கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் உறுதியின் அட்டவணையில் எழுத்தில் இருக்க வேண்டும். வேலிப் படலை திறந்திருப்பது உரிமையாகாது.

முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு 3%, மீதிக்கு 4%. நொத்தாரிசுக் கட்டணம் வேறு. இரு சாட்சிகளோடு கையெழுத்தானதும் உடனே பதியுங்கள். தாமதித்தால், அதே காணியை நல்லெண்ணத்தில் பணம் கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவர் உங்களை முந்திவிடுவார்.