காலுறையும் விமானமும்

கேள்வி: விமானம் ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, ‘ஏர்போர்ட் இஸ் சாக்ட் இன்’ என்றார் ஊழியர். காலுறைக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: காலுறை இல்லை. மூடுபனியோ தாழ்ந்த மேகமோ கவிந்து, ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் ஏறவும் இறங்கவும் முடியாத நிலையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். காற்றின் திசை காட்ட ஓடுபாதை ஓரத்தில் கட்டியிருக்கும் துணிக்குழாய் ‘விண்ட்சாக்’. அதிலிருந்து வந்த சொல் என்பார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல். அடர்ந்த பனி கவியும் நாளில் பெரும்பாலும் காற்றே இருக்காது, அந்தக் குழாய் சும்மா தொங்கிக்கொண்டல்லவா இருக்கும்!

மூடுபனியில் மாட்டிய கப்பல் ‘ஃபாக்பவுண்ட்’. பனி கொட்டி வீட்டைவிட்டு நகர முடியாவிட்டால் ‘ஸ்னோட் இன்’. இதில் நானே ஒருமுறை வழுக்கியிருக்கிறேன். ‘ஸ்னோட் அண்டர்’ என்று நண்பர் எழுதியிருந்தார். பாவம், பனியில் சிக்கிவிட்டார் என்று நினைத்து, பாதை எப்போது திறக்கும் என அக்கறையாக விசாரித்துப் பதில் போட்டேன். அவர் ஊரில் அப்போது கொளுத்தும் கோடை! வேலை தலைக்குமேல் குவிந்துகிடக்கிறது என்பதுதான் அதன் பொருளாம்.

அப்புறம், ‘அண்டர் தி வெதர்’ என்று யாராவது சொன்னால் வானத்தைப் பார்க்காதீர்கள். அவருக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான்.