நெபநெப, கொழகொழ

வணக்கம் அண்ணா,

ஈரோட்டிலிருந்து நகோயாவுக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிறது. கணவருக்கு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வருவார். மகள் இங்கே அரசுப் பள்ளியில் முதல் வகுப்பு. நான் வாரம் இரண்டு நாள் தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகிறேன். ஹிரகானா, கதகானா என்கிற இரண்டு எழுத்து வரிசைகளையும் முடித்துவிட்டேன். கான்ஜி என்கிற சீன எழுத்துகளில் நிற்கிறேன்.

நீங்கள் கோபேயில் சாப்பிட்டதையும் சமைத்ததையும் பற்றி எழுதுவதைப் படித்தால் ஆசையாக இருக்கிறது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது. மன்னிக்கவும். இதற்கெல்லாம் உங்களுக்கு எங்கே நேரம்? எனக்கு வீடு, மகளின் பள்ளி, மொழி வகுப்பு என்று அல்லாடுவதில் எதுவுமே உருப்படியாக நடப்பதில்லை. மாமியார் போனில் வந்தால் "பிள்ளை தமிழை மறந்துடப் போகுது" என்கிறார். போன வாரம் பள்ளியில் ஆசிரியையிடம் தட்டுத்தடுமாறிப் பேசிக்கொண்டிருந்தேன். மகள் என் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, நீ பேசாத. நான் சொல்லிக்கிறேன்" என்றாள். ஆசிரியை சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

பின்குறிப்பு: இந்தக் குளிரில் இட்லி மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் எரிச்சல் நியாயமானதுதான். முதலில் ஒரு கணக்கைச் சரிசெய்துவிடுகிறேன். என் மனைவிக்கு ஆய்வகத்தில் வேலை கிடைத்துத்தான் நாங்கள் கோபேக்கு வந்தோம். வீட்டில் இருந்தவன் நான். என் எழுத்து வேலை இரவில். பகல் முழுக்க என் கையில். அந்தப் பகலில் என்னவெல்லாம் சாப்பிட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறேனே தவிர, அந்த நாட்களில் வீடு எப்படி இருந்தது என்று எழுதியதில்லை.

முதல் இரண்டு வருடம் சனிக்கிழமை விடிந்தால் ரயில் ஏறி அகாஷி மீன் சந்தைக்குப் போய்விடுவேன். வகுப்பில் விலை கேட்க "இகுரா தெஸ் கா" என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சந்தையில் "நம்போ?" என்றார்கள். கன்சாய் வட்டாரப் பேச்சு. புத்தகத்தில் இல்லாத ஒரு சொல்லைக் காதால் பிடித்துவிட்ட குஷியில் அன்றைக்கெல்லாம் எதைப் பார்த்தாலும் நம்போ நம்போ என்று திரிந்தேன். இந்தப் பக்கத்து ஆட்கள் கஞ்சியை "ஒகாய்சான்" என்பார்கள். கஞ்சிக்கு ஒரு "சான்" போட்டு மரியாதை! இதையெல்லாம் குறித்துக்கொண்டு மத்தியானம் இரண்டு மணிக்கு வீடு திரும்பினால், மனைவியும் மகளும் தயிர்சாதம் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். ஒருநாள் மனைவி சொன்னாள்: "மீன்காரர்கிட்ட அரை மணி நேரம் பேசுற. எங்கிட்ட பேசத்தான் உனக்கு பாஷை இல்ல."

அந்த வருடம் டிசம்பர் முதல் ஞாயிறு, மொழித்தேர்வு நாளன்று, மகளுக்குக் காய்ச்சல். நான் தேர்வுக்குப் போனேன். தேறியும் விட்டேன். அந்தச் சான்றிதழை யாரும் சட்டம் போட்டு மாட்டவில்லை.

ஆகவே சமாளித்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நிலைமை மாறியது ஒரு தாளால். அந்தத் தாள் உங்கள் வீட்டிலும் இருக்கும். மகளின் புத்தகப்பையில் கசங்கிக் கிடக்கும், எடுத்துப் பாருங்கள். "கொண்டதே" என்று பெயர். பள்ளியில் மாதாமாதம் கொடுத்துவிடும் மதிய உணவுப் பட்டியல். நாளுக்கு ஒரு வரி. சோறா ரொட்டியா, கூட என்ன, சூப் என்ன, ஒரு பால். பக்கத்திலேயே அதில் போட்ட பொருட்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருப்பார்கள். உடம்பை வளர்ப்பது சிவப்பு, தெம்பு கொடுப்பது மஞ்சள், உடம்பைச் சீராக வைப்பது பச்சை.

நான் அதை முதலில் எடுத்தது மொழிக்காக அல்ல. என்றைக்கு மாட்டுக்கறி என்று தெரியவேண்டும், அவ்வளவுதான். இறைச்சிக்கு "நிகு" என்று ஒரே எழுத்து. ஒரு வாசற்சட்டத்துக்குள் மேலும் கீழுமாக இரண்டு ஆட்கள் நிற்கிற மாதிரி இருக்கும். முன்னால் பசுவின் எழுத்து நின்றால் மாடு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பட்டியலைத் துழாவியபோது மற்றதெல்லாம் தானாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் இருபது சாப்பாடு என்றால், நிஞ்ஜின் என்கிற கேரட்டும் தமநெகி என்கிற வெங்காயமும் ஏறக்குறைய எல்லா வரியிலும் வரும். எத்தனை அட்டை எழுதி மனப்பாடம் செய்தாலும் தங்காத சொல், மத்தியானம் மகள் வயிற்றுக்குள் என்ன போனது என்று தேடும்போது தங்கிவிடுகிறது. தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தேன். பள்ளி முடிந்து வந்ததும் மகள் அன்றைய வரியைத் தொட்டு எனக்கு வாசித்துக் காட்டவேண்டும். தப்பாக நான் வாசித்தால் அவள் திருத்துவாள். திருத்துவதில் அவளுக்கு இருந்த ஆனந்தத்தைச் சொல்லி மாளாது.

இங்கே முதல் வகுப்பில் 80 கான்ஜி, இரண்டாம் வகுப்பில் 160, மூன்றாவதில் 200. ஆறு வருடத்தில் மொத்தம் 1,026. நான் தேர்வுப் புத்தகத்தை மூடிவிட்டு மகளோடு முதல் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். நாற்பது வயதில் மலை, ஆறு, கை, கால். நல்ல வகுப்பு அது. உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். கான்ஜியில் நிற்கிறேன் என்கிறீர்கள். மகளும் அங்கேதான் நிற்கிறாள். இரண்டு பேரும் ஒரே படியில் இருப்பது இந்த ஒரு வருடம்தான், அப்புறம் அவள் ஓடிவிடுவாள்.

மாமியாரின் கவலைக்கு வருகிறேன். தமிழைத் தனியாக உட்காரவைத்து ஆத்திசூடி சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் நடக்கவில்லை. நடந்தது வேறு. ஒருநாள் மகள் வந்து, சாப்பாட்டில் நத்தோ கொடுத்தார்கள், நெபநெப என்று இருந்தது என்றாள். நத்தோ தெரியுமல்லவா, புளித்து நூல் விடுகிற சோயா. "நெபநெபன்னா என்ன?" என்று கேட்டேன். விரல்களை ஒட்டி ஒட்டிப் பிரித்துக் காட்டினாள். "அது கொழகொழ" என்றேன். "இல்ல, வெண்டைக்காய்தான் கொழகொழ. இது நூல் வருது." சரி, பிசுபிசுவா? அதுவும் இல்லை, பிசுபிசு கையில் ஒட்டுவது, இது வாயில். கால் மணி நேரம் சண்டை. கடைசியில் வெண்டைக்காயை நறுக்கிக் கத்தியைத் தூக்கிக் காட்டினேன். நூல் வந்தது. "சரி, கொழகொழ" என்று விட்டுக்கொடுத்தாள்.

அன்றிலிருந்து அது வீட்டு விளையாட்டு. ஜப்பானிய மொழி முழுக்க இந்த இரட்டைச் சொற்கள்தான், நம் இரட்டைக்கிளவி மாதிரியே. கரிகரி என்றால் மொறுமொறு. நுருநுரு வழவழ. ஷகிஷகி என்று ஒன்று உண்டு. பச்சை முள்ளங்கியையோ தாமரைத் தண்டையோ கடிக்கும்போது வருகிற அந்த ஈரமான நறுக். அதற்குத் தமிழில் ஒரு சொல் இன்று வரை எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஊரில் பாட்டியிடம் போனில் கேட்டாள். பாட்டி, "வெள்ளரிப்பிஞ்சு கடிச்சா நறுக்குனு இருக்கும், அதான்" என்றார். மகள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பாட்டியோடு அவள் பத்து நிமிடம் முழுத் தமிழில் தர்க்கம் செய்தாள். வாராவாரம் "சாப்டியா? ம். ஸ்கூல் போனியா? ம்" என்று போய்க்கொண்டிருந்த அழைப்பு அது. அடுத்த முறை மாமியார் போன் செய்யும்போது மகளிடம் ஒரு சாப்பாட்டுக் கேள்வியோடு கொடுத்துப் பாருங்கள்.

வாக்கிய அமைப்பிலும் நமக்கு அதிர்ஷ்டம். வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். "நேற்று கடையில் மீனை வாங்கினேன்" என்பதைச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் ஜப்பானிய மொழியில் வைத்துவிடலாம். அதைவிடப் பெரிய வசதி துணைவினை. "தபெதெ மிரு" என்றால் சாப்பிட்டுப் பார். சாப்பிடுவதோடு பார்ப்பதை அவர்களும் ஒட்டுகிறார்கள்! "கத்தெ ஒகு" வாங்கி வை. "தபெதெ ஷிமத்தா" சாப்பிட்டுவிட்டேன். எங்கள் வகுப்பில் ஐரோப்பியர்கள் இந்த இடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைச் சொன்னதும் ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமுவின் பெயரோடு கடிதங்கள் வரும், தெரியும். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று அவர் பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, தபெதெ மிரு சுளுவாக வருகிறது. எனக்கு அது போதும்.

இனி, உங்களை அழவைத்த விஷயம்.

என் மகளும் இதையே செய்தாள். பள்ளியில் இல்லை, மருத்துவமனையில். எனக்கு வயிற்றுவலி. டாக்டர் கேட்பதை எட்டு வயதுக் குழந்தை மொழிபெயர்த்தது. எத்தனை நாளாக, மலத்தில் ரத்தம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா. கடைசிக் கேள்வியைச் சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. வலி சாதாரணமானதுதான், ஒரு வாரத்தில் போய்விட்டது. அன்றோடு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். கடை, ரயில், பக்கத்து வீடு, இங்கெல்லாம் அவள் பேசலாம். மருத்துவமனையிலும் பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் பெரியவர்கள்தான், எத்தனை திக்கினாலும்.

திக்குவதற்கு இங்கே ஒரு மந்திரம் இருக்கிறது. "யசஷீ நிஹோங்கோ தெ ஒநெகாய் ஷிமஸ்." எளிய ஜப்பானிய மொழியில் பேசுங்கள் என்று பொருள். 1995 ஜனவரியில் கோபேயைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தின்போது, எச்சரிக்கைகளும் தகவல்களும் புரியாமல் வெளிநாட்டுக்காரர்கள் கூடுதலாக அவதிப்பட்டார்கள். அதற்கப்புறம் மொழியியலாளர்கள் உருவாக்கிய முறை இது. சிறிய வாக்கியம், சுற்றி வளைக்காத சொல். இன்று நகராட்சிகள் தங்கள் ஊழியர்களுக்கே இதில் பயிற்சி கொடுக்கின்றன. கேட்டால் ஆசிரியையும் மெதுவாகப் பேசுவார். அப்புறம், தினமும் பையில் வரும் தொடர்பு நோட்டு இருக்கிறதே, அதில் எழுதுங்கள். பேசும்போது எதிராளி காத்திருக்கிறாரே என்ற பதற்றம். எழுதினால் ஒரு ராத்திரி முழுக்க உங்களுடையது. நான் எழுதிய முதல் குறிப்பு ஒன்றரை வரி, இரண்டு மணி நேரம் பிடித்தது. ஆசிரியை அதற்கு சிவப்பு மையில் ஒரு பூ போட்டுத் திருப்பி அனுப்பினார், முதல் வகுப்புப் பிள்ளைக்குப் போடுகிற அதே பூ.

மகள் கையைப் பிடித்து இழுத்ததை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மா மாட்டிக்கொண்டாள், காப்பாற்றவேண்டும் என்று நினைத்திருக்கிறாள். வீட்டில் அவள் உங்களுக்கு வாத்தியாராக இருக்கட்டும். வெளியே போனால் பிள்ளையாக இருக்கட்டும்.

சாப்பாட்டு ஆராய்ச்சிக்கு நேரம் கேட்டீர்கள். நகோயாவில் இருந்துகொண்டா? உங்கள் ஊர்க் காபிக் கடைகளில் காலை பதினொரு மணி வரைக்கும் ஒரு காபி வாங்கினால் டோஸ்ட்டும் முட்டையும் சும்மா வரும். "மார்னிங்" என்பார்கள். மகள் பள்ளிக்குப் போனதும் வாரத்தில் ஒரு நாள், ஒரே கடைக்கு, ஒரே நேரத்துக்குப் போங்கள். மூன்றாவது வாரம் கடைக்கார அம்மா உங்களிடம் வானிலையைப் பற்றிப் பேசுவார். ஒகுரா டோஸ்ட் கேளுங்கள். வெண்ணெய் தடவிய ரொட்டியில் இனிப்புச் சிவப்புப் பயறு. ஒரு வாய் வைத்ததும் போளிப் பூரணம் ஞாபகம் வரும். கணவரை ஞாயிற்றுக்கிழமை ஒரு தகோயாகி சட்டி வாங்கிவரச் சொல்லுங்கள், மின்சாரத்தில் ஓடுவது. அவர்கள் அதில் ஆக்டோபஸ் உருண்டை சுடுகிறார்கள். நமக்கு அது பணியாரக்கல். மகளின் தோழிகளைக் கூப்பிட்டு பாதிக் குழியில் அது, பாதிக் குழியில் இது என்று சுட்டோம். திருப்பிப் போடும் குச்சிகூட ஒன்றுதான். வெளி ஆராய்ச்சி என்று இப்போது நான் தனியாகக் கிளம்புவதில்லை. அகாஷிக்கு மூன்று பேரும் போகிறோம். மகள் மீன் வாடைக்கு மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள். சந்தையில் என் நேரம் இருபது நிமிடமாகச் சுருங்கிவிட்டது. கொஞ்சம் வருத்தம்தான்.

கடைசியாக மாவு. வீட்டில் கொதத்சு இருக்கிறதா? ஹீட்டர் பொருத்திய தாழ்வான மேசை, மேலே ரஜாய் தொங்கும். ராத்திரி மாவுப் பாத்திரத்தை அதற்குள் ஓரமாக வைத்துவிடுங்கள். காலையில் பொங்கியிருக்கும். பாத்திரத்தைப் பாதிக்குமேல் நிரப்பவேண்டாம். நான் நிரப்பினேன், ரஜாயை மூன்று முறை துவைத்தும் வாடை போகவில்லை. சுவிட்சைக் குறைந்த சூட்டில் வைக்கவேண்டும். அதன்மேல் "ஜகு" என்று ஓர் எழுத்து இருக்கும், பார்க்க இரண்டு விற்களை அடுத்தடுத்து நிறுத்திய மாதிரி. அது இரண்டாம் வகுப்புப் பாடம். உங்கள் மகளுக்கு ஏப்ரலுக்கு அப்புறம்தான் வரும். நீங்கள் இன்று ராத்திரியே படித்துவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்