முத்திரை இல்லாத ப்ளக்இன்

கேள்வி: கும்பகோணத்தில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் வைத்து, நாகசுரம், தவில் பதிவுகள் செய்து பிழைக்கிறேன். மேக்ஓஎஸ் சிகோயா உள்ள எம்1 (ஆப்பிளின் சொந்தச் சில்லு) மேக் மினிக்காக விலை கொடுத்து வாங்கிய ரிவெர்ப் ப்ளக்இன் (ஒலிக்கு முழக்கம் சேர்க்கும் துணை மென்பொருள்), பதிவு மென்பொருளில் ஏற மறுக்கிறது. அது தீங்கற்றதா என ஆப்பிளால் சரிபார்க்க இயலவில்லை என்று அறிவிப்பு வருகிறது. விற்றவரோ பாதுகாப்பு அமைப்பையே அணைத்துவிடச் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: அணைக்க வேண்டாம். ஒரு ப்ளக்இன்னுக்காகக் கணினியின் காவல் முழுவதையும் நீக்கச் சொல்பவர், தாம் செய்ய வேண்டிய வேலையை உங்கள் தலையில் கட்டுகிறார்.

சான்று விதை மூட்டையின் வாயில் தைத்திருக்கும் நீல அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டை யாரிடமிருந்து வந்தது, தையல் பிரியாமல் வந்ததா என்பதை அந்த அட்டையைக் கொண்டு அறிகிறோம். மென்பொருளின் மின்கையொப்பமும் அவ்வளவே. ரிவெர்ப் காதுக்கு இனிக்குமா என்பதற்கு அது பொறுப்பல்ல. 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா பதிப்பு முதல், கையொப்பத்துடன் நோட்டரைசேஷன் என்னும் ஆப்பிளின் சரிபார்ப்பையும் மேக் எதிர்பார்க்கிறது. உங்களுக்கு வந்த அறிவிப்பு பெரும்பாலும் அது இல்லாததையே குறிக்கும்.

ஜிப் கோப்பாக இறக்கியிருந்தால், இணையத்திலிருந்து வந்தது என்ற குறி, பிரித்தெடுத்த கோப்புகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்; அந்தக் குறியைக் கண்டே மேக் சோதிக்கிறது. ஆகவே தயாரிப்பாளரின் தளத்தில் இன்ஸ்டாலர் (கோப்புகளைத் தானே உரிய இடத்தில் நிறுவும் நிரல்) இருந்தால், பழைய கோப்பை நீக்கிவிட்டு அதைக் கொண்டு நிறுவிப் பாருங்கள். பிறகும் அதே அறிவிப்பு வந்தால், தயாரிப்பாளர் நம்பத்தக்கவர் என்று உங்களுக்குத் தெரிந்த நிலையில் மட்டும், சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தின் அடிப்பகுதிக்குச் சென்று, அங்குள்ள பொத்தானை அழுத்தி அந்த ஒரு ப்ளக்இன்னுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அறிவிப்பு வந்த பின் ஏறத்தாழ ஒரு மணி நேரமே அந்தப் பொத்தான் அங்கிருக்கும். அதைக் காணோம் என்று பலர் தேடுவது இதனால்தான். கன்ட்ரோல் விசையோடு சொடுக்கித் திறக்கும் பழைய வழியை 2024இல் சிகோயா எடுத்துவிட்டது.

அறிவிப்பே வராமல் ப்ளக்இன் பட்டியலில் மட்டும் காணாமல் போனால், அது இன்டெல் கணினிக்கு மட்டும் செய்யப்பட்டதாக இருக்கலாம். இன்டெல்லுக்கான மென்பொருளை எம்1இல் இயக்க உதவும் ரோசெட்டா வழியே பதிவு மென்பொருளைத் திறந்தால் தெரிந்துவிடும். பிறர் கையொப்பமிட்ட ப்ளக்இன்களை ஏற்காதபடி பதிவு மென்பொருளே கட்டப்பட்டிருந்தால், அதை அதன் தயாரிப்பாளர்தான் திருத்த முடியும்; ப்ளக்இன் விற்றவரோடு வாதாடிப் பயனில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, விற்பனைப் பக்கத்தில் சிகோயாவில் இயங்கும் என்று எழுதியிருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்குபவரை விலக்கினாலும், சுயதொழிலாகப் பிழைப்புக்கென்றே வாங்குபவரை நுகர்வோராகவே கொள்கிறது. கூடம் வைத்திருப்பதாலேயே உங்களைத் தட்டிக்கழிக்க இயலாது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வது நல்லது. அனுமதிப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே அறிவிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். அழுத்திய பின் அது திரும்ப வராது.