‘எஸ்’ எங்கே போயிற்று?

இம்மாதம் வந்த கடிதங்களுள் மூன்று, தம்முள் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே பொருளைத் தொட்டிருந்தன. அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் படிக்கும் நம் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடமும், அந்தப் பாடத்தை ஒட்டி அவர்கள் எழுத வேண்டிய ‘ரிஃப்ளெக்‌ஷன்’ என்னும் அரைப்பக்கக் கட்டுரையுமே அந்தப் பொருள். ஆங்கிலம் கற்பித்தே ஓய்வு பெற்றவன் என்பதால் இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இந்த மூன்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நாங்கள் சைவக் குடும்பத்தினர். வீட்டுக்கு அருகில் இருப்பதாலும் ஒழுங்கு நன்றாக இருப்பதாலும் மகளைக் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்தோம். இப்போது ஏழாம் வகுப்பு. ஆங்கில ஆசிரியை வெள்ளிக்கிழமைதோறும் ‘இந்த வாரம் கற்றதை நினைத்துப் பார்த்து எழுது’ என்கிறார். சென்ற வாரம் அவள், காலையில் எல்லாரும் சொல்லும் ஜெபத்தில் ‘தை கிங்டம் கம்’ என்று வருவதையும், ‘கம்ஸ்’ என்று ‘எஸ்’ சேராததை முதலில் அச்சுப்பிழை என்று தான் எண்ணியதையும், அது பிழையில்லை என்று வகுப்பில் தெரிந்ததையும் எழுதியிருந்தாள். ஆசிரியை ஓரத்தில், ‘நல்ல கவனிப்பு, இது உன்னுள் என்ன மாற்றத்தை உண்டாக்கியது?’ என்று குறித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மகள் விழிக்கிறாள். இது அவர்களுடைய பாவமன்னிப்புச் சடங்கின் ஒரு பகுதியா? நானே நாலு வரி எழுதிக் கொடுத்துவிடலாமா? — ஒரு தாய், நியூ ஜெர்சி.

பதில்: முதலில் உங்கள் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். பாவசங்கீர்த்தனம் என்று நம் ஊர்க் கத்தோலிக்கர் முன்பு சொல்லிவந்த, இப்போது ஒப்புரவு அருட்சாதனம் எனப்படும் சடங்குக்கும் உங்கள் மகளின் நோட்டுக்கும் தொடர்பில்லை. அது குருவானவரிடம் வாய்மொழியாகச் சொல்லப்படுவது. கேட்டதை அவர் எவரிடமும் வெளியிடக் கூடாது. வழக்கமாகக் கத்தோலிக்கரல்லாத பிள்ளைகளை அதற்கு அழைப்பதும் இல்லை. பள்ளித் திருப்பலியிலும் இப்பிள்ளைகள் உடன் அமர்ந்திருப்பார்கள். நற்கருணை வாங்கும் வரிசையில் சென்றால் கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு ஆசி மட்டும் பெற்றுத் திரும்புவார்கள். இதை உங்கள் மகளே உங்களுக்குச் செய்து காட்டுவாள்.

நினைத்துப் பார்த்து எழுதும் வழக்கம் அமெரிக்காவின் அரசுப் பள்ளிகளிலும் உண்டு. சிந்தித்தல் என்பது எவ்வாறு நிகழ்கிறது என்று ஜான் டூயி 1910-இலேயே ஒரு நூல் எழுதி ஆசிரியர்களிடையே பரப்பினார். கத்தோலிக்கப் பள்ளிகளில் அதற்கு இன்னொரு வேரும் இருக்கிறது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், ஒரு நாள் கழிந்த விதத்தை அன்றே திரும்பிப் பார்க்கும் பயிற்சியைத் தம் சபையாருக்கு வகுத்தார்; அந்தச் சபை 1548-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் பள்ளி தொடங்கியது முதல் அப்பழக்கம் வகுப்பறைக்குள்ளும் மெல்ல வந்து சேர்ந்தது. 1993-இல் அச்சபை வெளியிட்ட கல்விக் கையேடு, பட்டறிவு, அதனை எண்ணிப் பார்த்தல், பின்பு செயல் என்னும் வரிசையை வெளிப்படையாகவே சொல்கிறது. உங்கள் மகளின் பள்ளி இயேசு சபையினுடையதாக இல்லாமல், ஆயரின் ஆட்சிக்கு உட்பட்ட மறைமாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும் வாசனை அங்கிருந்து வந்ததுதான்.

இனி அந்த ‘எஸ்’. உங்கள் மகள் கண்டது சிறிய விஷயமன்று. ‘கிங்டம் கம்ஸ்’ என்றால் அரசு வருகிறது என்று செய்தி சொல்வதாகும். ‘கிங்டம் கம்’ என்பதோ வர வேண்டும் என்ற வேட்கை. ஆங்கில இலக்கணத்தார் இதனை ‘சப்ஜங்டிவ்’ என்பார்கள். பேச்சு ஆங்கிலத்தில் இவ்வடிவம் பெரும்பாலும் தேய்ந்துவிட்டாலும் சில மூலைகளில் உயிரோடிருக்கிறது: தும்மியவரிடம் ‘காட் பிளெஸ் யூ’ என்கிறார்களே, அதிலும் ‘எஸ்’ கிடையாது. ‘பிளெஸஸ்’ என்று சொல்லியிருந்தால், கடவுள் உங்களுக்கு ஆசி வழங்கி வருகிறார் என்று தகவல் தெரிவித்ததாக முடிந்திருக்கும். தும்மியவருக்கு அத்தகவலால் பயனில்லை.

தமிழில் இதற்குப் பெயர் உண்டு, அதுவும் நாம் பள்ளியில் படித்து மறந்த பெயர்: வியங்கோள் வினைமுற்று. அந்த ஜெபத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘உமது பெயர் தூயது எனப் போற்றப்பெறுக, உமது ஆட்சி வருக’ என்று சொல்கிறார்கள். ‘பெறுக’, ‘வருக’ என்ற அந்தக் ககரத்தைத்தான் ஆங்கிலம், ஓர் எழுத்தைச் சேர்க்காமல் விடுவதன் மூலம் உணர்த்துகிறது. நாம் கூட்டிச் சொல்வதை அவர்கள் குறைத்துச் சொல்கிறார்கள். நன்னூலார் இவ்வினை மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் பொதுவாக நடக்கும் என்பார். வாழ்த்த, வைய, வேண்ட, விதிக்க என்று அதன் பயன்களை உரையாசிரியர்கள் விரிப்பார்கள். வாழ்த்துதலும் வைதலும் ஒரே விகுதிக்குள் குடியிருப்பதைக் காண நூல் புரட்ட வேண்டியதில்லை. தேர்தல் காலத்தில் நம் ஊர்ச் சுவர்களில் ‘வாழ்க’வும் ‘ஒழிக’வும் அடுத்தடுத்து நிற்கும்.

அதே வரியில் உள்ள ‘தை’ என்ற சொல்லையும் மகளுக்குக் காட்டுங்கள். ‘தௌ’, ‘தீ’, ‘தை’ ஆகியவை ஒருகாலத்தில் நெருங்கியவரையும் இளையவரையும் அழைத்த ஒருமைச் சொற்கள். நம் ‘நீ, உன்னை, உன்’ போன்றவை. வழக்கில் ‘யூ’ அவற்றைத் தள்ளிவிட்டு எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. ஜெபத்தில் மட்டும் அவை தங்கிவிட்டதால் இன்று பெரும் மரியாதைச் சொற்களைப் போல ஒலிக்கின்றன. 1964-இல் அமெரிக்கத் திருப்பலி இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறத் தொடங்கியது. இன்று அதன் மற்றப் பகுதிகளில் கடவுளை ‘யூ’ என்றே அழைக்கிறார்கள். இந்த ஒரு ஜெபத்தில் மட்டும் மக்கள் வாயில் ஊறிய பழைய சொற்கள் விடப்பட்டுள்ளன. தமிழ்க் கத்தோலிக்கர் ‘உமது’ என்று ஒரு படி விலகி நிற்கிறார்கள். உங்கள் வீட்டிலோ, ‘பித்தா’ என்று தொடங்கி ‘உனக்கு ஆளாய்’ என்று ஒருமையிலேயே பேசும் சுந்தரர் இருக்கிறார். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அவளுடைய வகுப்பில் எத்தனை பேருக்கு இருக்கும்?

ஆசிரியையின் குறிப்பைப் பற்றி என் கருத்தை ஒளிக்க வேண்டியதில்லை. அந்தக் கேள்வி கெட்ட எண்ணத்தில் எழுந்ததன்று. ஆனால் காலத்துக்கு முந்தியது. ஒரு சொல்லைக் கண்டு வியந்து நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம், உடனே மனமாற்றத்தைக் காட்டு என்று கேட்டால், பிள்ளை அதைத் தயாரித்துக் கொடுத்துவிடும். நானும் இதே தவற்றைப் பல ஆண்டுகள் செய்தேன். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் ‘இதிலிருந்து நீ அறிந்த நீதி யாது?’ என்று எழுதிக்கொண்டே இருந்தேன். நாற்பது நோட்டுகளிலும் ‘இனி நான் நல்லவனாக நடப்பேன்’ என்ற வாக்கியம் ஒரே கையெழுத்தில் வந்ததுபோல் வரத் தொடங்கிய பிறகுதான் நிறுத்தினேன்.

நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். பதிலாக, அவளை அருகில் உட்கார வைத்து அந்த ஜெபத்தைத் தமிழில் சொல்லிக் காட்டி, ‘வருக’வுக்கும் ‘வருகிறது’க்கும் உள்ள வேறுபாட்டை அவளையே சொல்லச் சொல்லுங்கள். அதற்குப்பின் அவள் எழுதும் இரண்டாவது அரைப்பக்கத்தில், இத்தனை நாள் செய்தி என்று எண்ணி ஒப்பித்ததை இப்போது வேண்டுதல் என்று அறிந்து சொல்கிறேன் என்றோ, எங்கள் வீட்டு மொழியில் இதற்குத் தனி விகுதி இருக்கிறது என்றோ ஏதாவது வரக்கூடும். வராவிட்டாலும் குற்றமில்லை, மாற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் அந்த வரி வரும்போதெல்லாம் காது நின்றுவிடுகிறது என்று அவள் எழுதினால், அதுவும் நேர்மையான பதில்தான்.

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு ஆங்கில வாக்கியங்களைக் கோடு கோடாக வரைந்து காட்டும் வீட்டுப்பாடம் தருகிறார்கள். பக்கத்துப் பள்ளிகளில் இப்படி ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. இதனால் பயன் உண்டா? அவன் தன் ரிஃப்ளெக்‌ஷனில், ‘இந்த வாரம் நான் கற்றது, சாய்ந்த கோடுகள் எனக்குப் பிடிக்காது என்பதே’ என்று எழுதி வைத்திருக்கிறான். பள்ளியில் என்ன நினைப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. — ஒரு தந்தை, சிகாகோ.

பதில்: அந்தக் கோடுகளுக்கு வயது அதிகம். நியூயார்க்கின் புரூக்ளினில் ஆசிரியர்களாக இருந்த ரீட், கெல்லாக் என்ற இருவர் 1877-இல் வெளியிட்ட இலக்கணப் புத்தகத்தின் வழியாகப் பரவிய முறை அது. கிடையாக ஓர் அடிக்கோடு. அதை முழுதும் வெட்டிச் செல்லும் ஒரு செங்குத்துக் கோடு. இடப்புறம் எழுவாய், வலப்புறம் பயனிலை. செயப்படுபொருள் இருந்தால் அதற்கு முன் ஒரு குட்டைக் கோடு, அடிக்கோட்டின் மேலே நிற்கும், அதைத் தாண்டி இறங்காது. அடைமொழிகள் எல்லாம் தாம் சார்ந்த சொல்லுக்குக் கீழே சாய்கோடுகளில் தொங்கும். மேலே சொன்ன ‘தை கிங்டம் கம்’ என்பதையே உங்கள் மகன் வரைந்தால் அடிக்கோட்டில் இரண்டு சொற்கள் நிற்கும், ‘தை’ மட்டும் ‘கிங்டம்’ என்பதன் கீழே சாய்ந்திருக்கும்.

கன்னியர் நடத்திய பள்ளிகளில் படித்த பழைய தலைமுறை அமெரிக்கர்கள் இந்தப் படங்களை இன்றும் பேசுவார்கள். மற்றப் பள்ளிகள் பலவும் இதனைக் கைவிட்டன. தனியே செய்யும் இலக்கணப் பயிற்சி எழுத்தை வளர்ப்பதில்லை என்று ஆங்கில ஆசிரியர்களின் தேசியக் கழகம் 1985-இல் தீர்மானமே போட்டது. என் அனுபவத்தில் அத்தீர்மானம் முக்கால் பங்கு சரி. கோடு வரையத் தெரிந்ததனால் எவரும் எழுத்தாளராகிவிட மாட்டார்கள். ஆனால் வினை வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நம் பிள்ளைகள், நீண்ட ஆங்கில வாக்கியத்தில் வினை எது, அதற்கு உரியவர் யார் என்று தடுமாறும்போது இந்தப் படம் சட்டென்று கைகொடுக்கிறது. நாளொன்றுக்கு இரண்டு வாக்கியம் போதும். ஒரு பக்கம் முழுக்க வரையச் சொன்னால் எனக்கும் பிடிக்காது.

கூச்சம் வேண்டாம் என்பதற்கு வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. தம்மைத் தாமே எண்ணிப் பார்த்து எழுதியவற்றுள் கத்தோலிக்கத் திருச்சபை தலைமேல் வைத்துக் கொண்டாடும் நூல், கி.பி. 400-ஐ ஒட்டிப் புனித அகுஸ்தினார் எழுதியது. அதன் முதல் பகுதியிலேயே மொழி வகுப்பைப் பற்றிய முறையீடு வருகிறது. இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே என்ற ஊரில் பிறந்த அவர், சிறுவயதில் தமக்குக் கிரேக்க மொழி பிடிக்கவில்லை என்கிறார். பள்ளியில் அடி விழாதிருக்க வேண்டுமென்று கடவுளிடம் மன்றாடியதையும், பெரியவர்கள் அதைக் கேட்டுச் சிரித்ததையும் மறக்காமல் எழுதுகிறார். அவர் அங்கே நின்றுவிடவில்லை. இலத்தீன் மட்டும் எப்படி வந்தது என்று தம்மையே கேட்டு, தாதியரின் கொஞ்சலிலும் சுற்றியிருந்தோரின் சிரிப்பிலும் அச்சமின்றி வந்தது என்றும், கிரேக்கமோ மிரட்டலின் கீழ் புகட்டப்பட்டது என்றும் காரணம் காண்கிறார். உங்கள் மகன் எழுதியது அந்த முதல் வாக்கியம். இரண்டாவதையும் கேளுங்கள்: சாய்ந்த கோடுகள் எந்த வாக்கியத்தில் பிடிக்காமல் போயின, நேர்க்கோடுகள் ஏன் உறுத்தவில்லை என்று. அதை எழுதிவிட்டானானால் மதிப்பெண் குறைந்தாலும் நான் வருந்த மாட்டேன்.

கேள்வி: நானும் சாமியார் பள்ளியில் படித்தவன். டெக்சாஸில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பேரன், பள்ளியில் எழுதிய ரிஃப்ளெக்‌ஷனைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறான். எழுத்துப் பிழைகள் மலிந்திருக்கின்றன. ‘பிலீவ்’ என்ற ஒரு சொல்லையே இரண்டு இடங்களில் இரண்டு விதமாக எழுதியிருக்கிறான். சிவப்பு மையால் திருத்தி அனுப்பினால் மருமகள் வருத்தப்படுவாளோ என்று தயங்குகிறேன். — ஒரு தாத்தா, பாளையங்கோட்டை.

பதில்: மருமகளை விடுங்கள், பேரன் அடுத்த படத்தை அனுப்ப மாட்டான். நூல் பயிலும் முறையைச் சொல்லும் நன்னூல் சூத்திரத்தில் பாடம் போற்றலுக்கு அடுத்ததாகக் ‘கேட்டவை நினைத்தல்’ வைக்கப்பட்டிருக்கிறது. தலைமாணாக்கனுக்குப் பசுவை உவமை சொன்னதும், மேய்ந்ததைப் பிறகு ஓரிடத்தில் படுத்து அசைபோடும் என்பதால்தான். அசைபோடும் மாட்டின் வாயைத் திறந்து பல்லைத் தேய்க்க முனைவார் உண்டா? அவன் எழுதியதில் உங்களுக்குப் புரியாத ஓர் இடத்தை எடுத்து, ‘இங்கே என்ன நடந்தது?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பதில் எழுதுங்கள். நீங்கள் படித்த பள்ளியில் உங்களைக் குழப்பிய ஆங்கிலச் சொல் எது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘பிலீவ்’ என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு விதமாக எழுதியிருக்கிறான் என்றால் ஒன்றாவது சரியாகத்தானே இருக்கும்?